ஐஸ்பெட்டியில் போன சாம்பிள்

அவனுக்கு ‘ஃப்ரீசர்’ என்று பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குளிர்பதனக் கிடங்கில் வண்டி ஓட்டச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சரக்கு ஏற்றுகிறவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இள வயதில் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி தூக்கியவன். முப்பது தாண்டியபோது அவன் பொறுப்பில் ஒரு குளிர்வண்டி இருந்தது. மீன், வெண்ணெய், வெட்டிய பூக்கள், மருந்துக்கடைக்குப் போகும் ஊசிமருந்து என்று எதை ஏற்றினாலும், ஏற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே இறங்கும். இத்தனை வருடத்தில் அவன் கையில் ஒரு சரக்கு கெட்டதில்லை. பின்கதவு ரப்பரில் மயிரிழை விரிசல் விழுந்தால்கூட அவனுக்குச் சோறு இறங்காது.

சூடு என்றாலே அவனுக்கு ஆகாது. டீயை ஆறவைத்துத்தான் குடிப்பான். வீட்டுக்கு எது வாங்கி வந்தாலும் முதலில் குளிர்ப்பெட்டிக்குள் போகும். தக்காளி போகும், வெங்காயம் போகும், ஒருமுறை மனைவி ஆசையாக வாங்கிய உதட்டுச்சாயமும் போயிற்று.

“இது எதுக்குங்க உள்ள?” என்று கேட்டாள் அவள்.

“உருகிடும்ல.”

“நான் உருகினா என்னையும் உள்ள வெச்சிடுவீங்களா?”

“இடம் இல்லையே” என்றான் அவன், நிஜமாகவே உள்ளே பார்த்துவிட்டு.

அவள் ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டிய வேலை. அதனால் பொறுமை அதிகம், பேச்சு குறைவு, பேசினால் நறுக்கென்று இருக்கும். இருவரும் இரண்டாவது மாடியில் இருந்தார்கள். கீழே தெருவைப் பார்த்த அறையில் அவனுடைய அக்கா துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டி, அடித்து, படிக்க அனுப்பி, படிப்பு வராது என்று தெரிந்ததும் வேலைக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். பெற்ற பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். எனவே அவளுடைய முழுக் கவனமும் மேல்மாடியின் மேல் இருந்தது.

கல்யாணமாகி ஐந்து வருடம் ஓடிவிட்டது. குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் குழந்தை வேண்டும். ஆளுக்கு ஆள் அதை வெளியே சொல்லிக்கொள்வது மட்டும் வேறு. அவன், வழியில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்தால் தேவைக்கு மேல் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பான். அவள், கடைக்கு முதல் கண்ணாடி போட வரும் குழந்தைகளின் லென்ஸை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். அக்காவுக்கு இந்த மாதிரி சுற்றிவளைப்பெல்லாம் தெரியாது.

“ஃபோட்டோ கடைக்காரர் மருமகளுக்கு ரெட்டையாம்” என்பாள், தேய்ப்புப் பெட்டியைச் சட்டைக் காலரில் அழுத்தியபடி. “கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை.”

“நல்லதுதானே அண்ணி” என்பாள் மனைவி.

“நல்லதுதான். யாருக்கு இல்லைன்னேன்.” காலர் இன்னும் கொஞ்சம் தட்டையாகும். அக்காவுக்கு ஆத்திரம் வரும் நாட்களில் அந்தத் தெருவில் எல்லாருடைய சட்டையும் கத்தி மாதிரி மடிப்போடு திரும்பிப் போகும்.

மனைவி ஒரு மருத்துவமனைக்கு மூன்று வருடமாக நடந்தாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். அன்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னும் உள்ளே போய்ப் பார்ப்போம் என்றுதான் தோன்றியது. வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே பார்க்கும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். இத்தனை நாளும் ஃப்ரீசர் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. சரக்கு இருக்கிறது, இன்ஜினை அணைக்க முடியாது என்று வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் கூப்பிடவும் இல்லை. இப்படிப்பட்ட ஆண்கள் நிறைய. கெட்டவர்கள் கிடையாது, கூப்பிடாத வரைக்கும் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் வேறு ஒரு டாக்டரையும் கேட்டுவிடலாம் என்று கடையில் உடன் வேலை செய்பவள் சொன்னாள். மனைவி போனாள். அந்த டாக்டர் கத்தரித்த முடியும் பெரிய கைகளுமாக இருந்த நடுவயதுப் பெண். கட்டுக்கட்டாக இருந்த பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, “இதெல்லாம் உங்களோடது. உங்க வீட்டுக்காரரோடது எங்கே?” என்றார்.

“அவருக்கு ஒண்ணும் இல்லை டாக்டர்.”

“யார் பாத்தாங்க?”

மனைவி கொஞ்சம் யோசித்தாள். “அவங்க அக்கா.”

டாக்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவையும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளையும் எடுத்து வைத்தார். “முதல்ல இது. ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயத்துல ஒருத்தரை மட்டும் குத்திக்கிட்டே இருந்தா எப்படி?”

டப்பாவைப் பார்த்ததும் ஃப்ரீசரின் காது சிவந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஓர் அறை உண்டு என்றாள் மனைவி. கதவுக்கு வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கையில் தன்னால் ஆகாது, வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன் என்றான் அவன். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கணும், அந்தத் தாளைப் படிங்க என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

படிக்கவில்லை. சரக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தனக்கு ஒரு தாள் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தான். அவன் வாழ்க்கையில் இதைவிடக் கவனமாக எந்தச் சரக்கையும் கட்டியதில்லை. ஊசிமருந்து கொண்டுபோகும் சின்ன ஐஸ்பெட்டியை நன்றாகக் கழுவித் துடைத்தான். அடியில் ஒரு ஐஸ் பை, பக்கத்துக்கு ஒன்று, நடுவில் டப்பா, அது ஆடாமலிருக்க ஒரு பழைய கையுறை, மேலே இன்னொரு ஐஸ் பை. பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினான். வேகத்தடை ஒவ்வொன்றிலும் தாய்மாமன் தோளில் குழந்தை போகிற மாதிரி மெதுவாக ஏறி இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் டப்பாவை வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, சன்னல் வழியாக நீட்டியபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே இருந்த பெண் ஏழெட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பெயர்ச்சீட்டை ஒட்டி உள்ளே அனுப்பிவிட்டாள்.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. டாக்டரைப் பார்ப்பது திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாள் கிடந்தது.

மனைவிதான் படித்தாள். “எண்ணிக்கை நல்லா இருக்குங்க. கோடிக்கணக்குல இருக்கு.” பிறகு தாளைத் திருப்பினாள். “ஆனா அசைவு இல்லைன்னு போட்டிருக்கு.”

“எத்தனைக்கு?”

“ஒண்ணுக்குமே.”

அந்த இரண்டு நாளும் ஃப்ரீசர் வண்டியைக் கழுவினான். கழுவிய வண்டியை மறுபடி கழுவினான். டீயைச் சூடாகவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். மனைவி அவனை விசாரிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எல்லாம் லீவுல இருக்குன்னு நினைச்சுக்கோங்க” என்றாள்.

“கோடிப் பேருமா?”

“முதலாளியைப் பொறுத்தது.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இந்த மூன்று வருடம் இவள் இப்படித்தானே ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் காத்திருந்திருப்பாள் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். “சாதாரணமா பாதியாவது அசையணும். இவ்வளவு எண்ணிக்கை இருந்தும் ஒண்ணுகூட அசையலைன்னா எங்கேயோ இடிக்குது. எப்படிக் கொண்டுவந்தீங்க?”

“கவனமாத்தான் டாக்டர். குலுங்காம.”

“சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி?”

ஃப்ரீசருக்கு அந்தக் கேள்வியே அசிங்கமாக இருந்தது. “சேச்சே. ஐஸ்லதான். மேலயும் கீழயும் வெச்சு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “அது மீன் இல்லீங்க” என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“கெட்டுடக்கூடாதேன்னு… மீனைக்கூட ஐஸ்லதானே வைப்போம்.”

“செத்த மீனை” என்றார் டாக்டர்.

மனைவி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளோ என்று ஃப்ரீசர் பயந்து எட்டிப் பார்த்தான். அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உடம்புச் சூட்டிலேயே இருந்தால்தான் விந்தணு நீந்தும், ஐஸ் பட்டால் விறைத்துப்போகும் என்று டாக்டர் விளக்கினார். இந்தச் சோதனை செல்லாது, இந்த வாரக் கடைசியில் மறுபடி, இங்கேயே, அந்த அறையிலேயே கொடுக்க வேண்டும் என்றார்.

இங்கேதான் ஃப்ரீசர் இன்னொரு தப்பு செய்தான். ஐஸ்தான் காரணம் என்றதும், மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது. போகிற வழியில் ஒரு கேக் வாங்கினான். கிடங்கில் எல்லாருக்கும் ஒரு துண்டு. “எதுக்குய்யா?” என்று கேட்டவர்களிடம், “சும்மாதான், உடம்பு நல்லா இருக்கு” என்றான். மிச்சத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்து, சோதனை செய்ததையும் ஐஸ் கதையையும் சொல்லி, “எனக்கு ஒண்ணும் இல்லைக்கா” என்று முடித்தான்.

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றாள் அக்கா, வாய் நிறையக் கேக்கோடு. “உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா? ” வேலை முடிந்து வந்து நின்ற மனைவி பக்கம் திரும்பினாள். “ஏம்மா, உன் ஆபரேஷன் அடுத்த புதன்தானே? இனிமேலாவது தள்ளிப்போடாம பண்ணிக்கோ.”

மனைவி தன் பங்குக் கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனவனிடம், “நீங்க இன்னும் பாஸ் ஆகலைங்க” என்றாள். “பரீட்சையே எழுதலை. அதுக்குள்ள மிட்டாய் குடுத்தாச்சு.”



வாரக் கடைசியில் அந்த அறைக்குப் போனான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கைகழுவும் தொட்டி, சுவரில் யாரோ மாட்டிய மலைப்படம். வெளியே நிஜமாகவே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவன் வெளியே வந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் டப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் இரண்டு பேரையும் பரிசோதனைக்கூடத்துக்குள் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் தெரிவது பக்கத்தில் ஒரு திரையிலும் தெரிந்தது. ஃப்ரீசர் குனிந்து பார்த்தான். திரை முழுக்க வாலை ஆட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன.

“அசையுது டாக்டர்” என்றான்.

“அசையுது. இன்னும் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தான். வால்கள் அடித்துக்கொண்டே இருந்தன, ஆனால் ஒன்றும் எங்கேயும் போகவில்லை. இரண்டு தலை ஒட்டி ஒரு சோடி, ஐந்தாறு தலை ஒட்டி ஒரு கொத்து, ஓர் ஓரத்தில் இருபதுக்கு மேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு பெரிய உருண்டை. ஒற்றையாக இருந்த சிலதும் நின்ற இடத்திலேயே நடுங்கின.

“ஒரே பஸ்ஸுல எல்லாரும் ஏறப் பாக்கற மாதிரி இருக்கு” என்றாள் மனைவி.

“அப்படித்தான்” என்றார் டாக்டர். “சந்தேகத்துக்கு இன்னொரு டெஸ்டும் பண்ணிட்டேன். ஆன்டிபாடி ஒட்டியிருக்கு. பத்துல எட்டு, ஒன்பதுல இருக்கு.”

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வெளியிலிருந்து கிருமி வந்தால் பிடித்துக்கொடுக்க உடம்புக்குள் ஒரு காவல்படை உண்டு. எது நம்முடையது, எது வெளியாள் என்று அது குழந்தைப் பருவத்திலேயே பார்த்துப் பழகிக்கொள்கிறது. விந்தணுவோ பையன் வயதுக்கு வந்த பிறகுதான் உற்பத்தியாக ஆரம்பிக்கிறது. அதனால் காவல்படைக்கு அதன் முகம் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று உடம்பு ஒரு சுவரைக் கட்டி விதைக்குள் மறைத்து வைத்திருக்கிறது. எப்போதாவது அந்தச் சுவரில் விரிசல் விட்டால், காவல்படை விந்தணுவைப் பார்த்துவிடும். பார்த்ததும் வெளியாள் என்று நினைத்து ஆன்டிபாடியை அனுப்பும். அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டால் விந்தணு கொத்துக்கொத்தாகச் சிக்கும், நீந்த முடியாது. தப்பித்துப் போய்ச் சேர்ந்தாலும் கருமுட்டையைத் துளைக்க முடியாது.

ஃப்ரீசர் கேட்டுக்கொண்டே இருந்தான். “எங்க கிடங்கு கேட்டுல ஒரு செக்யூரிட்டி இருக்கார்” என்றான். “அடையாள அட்டை கொண்டுவரலைன்னு முதலாளி மகனையே வெளியில உக்கார வெச்சார்.”

“அவரேதான் உங்க உடம்புக்குள்ளயும் இருக்கார்.”

“அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா?”

“கம்மியில்லை. தப்பான ஆள்கிட்ட ரொம்ப விசுவாசமா இருக்கு. மத்தபடி நீங்க நல்லா இருக்கீங்க. இதனால காய்ச்சல் வராது, தலை வலிக்காது. குழந்தை தேடாத வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.”

“சுவர்ல விரிசல் ஏன் விட்டுச்சு?”

“ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கா? அந்த இடத்துல அடி, வீக்கம்?”

ஃப்ரீசர் மனைவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஐஸ் தொழிற்சாலையில் சறுக்குப் பலகையிலிருந்து ஒரு கட்டி வழுக்கி வந்து கவட்டில் இடித்த கதையை மெதுவாகச் சொன்னான். பந்து மாதிரி வீங்கியது. யாரிடமும் சொல்லாதே என்று அக்காவிடம் அழுதான். அவளும் சொல்லாமல், வாரக்கணக்கில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துச் சரியாக்கினாள்.

“அதுவா இருக்கலாம்” என்றார் டாக்டர். “அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நிறையப் பேருக்குக் காரணமே தெரியறதில்லை. உடனே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். ஆனா ஐஸ் வெச்சது சரிதான். நீங்க வாழ்க்கையில ஐஸைச் சரியா வெச்ச இடம் அது ஒண்ணு.”

காவல்படையை அடக்க மாத்திரை உண்டு, ஆனால் அது உடம்பு முழுக்க அடக்கும், எலும்பைக்கூடப் பதம் பார்க்கும், பலனும் நிச்சயமில்லை. தான் கொடுப்பதில்லை என்றார். இவ்வளவு கொத்துக்கொத்தாக இருப்பதால், கருமுட்டையை வெளியே எடுத்து, நல்ல விந்தணு ஒன்றைப் பொறுக்கி, ஊசியால் நேராக உள்ளே வைத்துவிடுவதே சரியான வழி. அப்போது நீந்தவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம்.

“அப்ப என் ஆபரேஷன்?” என்று கேட்டாள் மனைவி.

“எதுக்கு? உங்ககிட்ட தேடறதுக்கு ஒண்ணும் இல்லை. காரணம் இந்தத் திரையில இருக்கு.”

வெளியே நடைபாதையில் நின்று அவள் பழைய மருத்துவமனைக்குப் போன் போட்டாள். “அடுத்த புதன் எனக்குத் தேதி இருக்கு. வேண்டாம்” என்றாள். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. “தேவையில்லை” என்றாள். போனை வைத்துவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கியதை ஃப்ரீசர் பார்த்தான். இத்தனை வருடமாக அவை தூக்கிக்கொண்டே இருந்தன என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இனி மிச்சமிருந்தது அக்கா. அவளிடம் போய், தானே கேக் கொடுத்துச் சொன்ன செய்தியைத் தானே திருப்பி வாங்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நான் சொல்லட்டுமா?” என்றாள் மனைவி.

“நீ சொன்னா, நீ தப்பிக்கறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க.”

“அது தெரிஞ்சா சரி” என்று அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

கடையில் அக்காவுடன் இசை வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை மேசையில் விரித்திருந்தது. ஃப்ரீசரைப் பார்த்ததும் அக்கா பேச்சை நிறுத்தவில்லை. “இதோ என் தம்பி. அடுத்த புதன் இவன் வீட்டுல அவளுக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் எல்லாம் சரியாயிடும். இவனுக்கு ஒரு குறையும் இல்லை, டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு.”

வாத்தியார் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று ஃப்ரீசர் நினைத்தான். காத்திருந்தால் அந்த வார்த்தை அவரோடு அடுத்த தெருவுக்கும் போகும்.

“அக்கா, ஆபரேஷன் இல்லை. அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. குறை எனக்குத்தான்.”

தேய்ப்புப் பெட்டி நின்றது. நின்ற இடம் சட்டையின் முதுகு.

“யார் சொன்னா?”

“டாக்டர். நானும் கண்ணால பாத்தேன்.”

“மறுபடியும் ஐஸ்ல வெச்சிருப்பே.”

“இல்லைக்கா. இந்தத் தடவை சூடாத்தான் குடுத்தேன்.”

இசை வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஃப்ரீசர் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னான். சுவர், காவல், பசை, கொத்து. அவன் சொல்லச்சொல்ல அக்காவின் முகத்தில் கோபம் வந்து, போய், யோசனை வந்தது.

“அந்த ஐஸ்கட்டி இடிச்சுதே” என்றாள். “அதனாலயா?”

“இருக்கலாமாம். தெரியாதாம்.”

“அன்னைக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும்.”

“நான் வந்திருப்பேனா? கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேனே.”

“அம்மா” என்றார் இசை வாத்தியார் பணிவாக, “என் சட்டை புகையுது.”

பெட்டியைத் தூக்கியபோது முதுகில் படகு மாதிரி பழுப்பாக ஒரு தடம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புதுச் சட்டை வாங்கித் தருகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, சுவிட்சை அணைத்து, முழங்கால் வலியால் வருடக்கணக்கில் தொடாத மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேலே மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. எப்படிக் கேட்பது என்றும் தெரியாது.

“இதுவரைக்கும் எத்தனை ஊசி போட்டாங்க உனக்கு?” என்றாள்.

“எண்ணலை அண்ணி.”

“போதும். இனிமே இவனுக்குப் போடச் சொல்லு.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “இனிமேலும் ஊசி எனக்குத்தான் அண்ணி. முட்டை வளர்றதுக்குத் தினமும் போடணுமாம். அவருக்கு மறுபடி அந்த டப்பாதான்.”

“குறை இவனுக்கு, ஊசி உனக்கா?”

“ஆமாம்.”

“அநியாயமா இருக்கே” என்று அக்கா உட்கார்ந்தாள். பிறகு வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, “அங்க என்னடா நிக்கறே? அந்தப் பாத்திரத்தைக் கழுவு” என்றாள்.

அன்றிலிருந்து அக்கா கட்சி மாறிவிட்டாள். முன்பு தம்பி மனைவியை எவ்வளவு தீவிரமாகக் குடைந்தாளோ அவ்வளவு தீவிரமாகத் தம்பியைக் குடைந்தாள். சிகரெட்டை நிறுத்தச் சொன்னாள். அவன் பிடிப்பதில்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. ஊசிமருந்து மட்டும் குளிர்ப்பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அந்த வேலை ஃப்ரீசருக்கு வந்தது. வெங்காயம், தக்காளி எல்லாம் வெளியே போயின. நடுத்தட்டில் ஊசி மட்டும், பக்கத்தில் ஒரு வெப்பமானி. தினமும் ஒரே நேரத்தில் அவனே போட்டுவிடக் கற்றுக்கொண்டான். முதல் நாள் குத்தியவன் அவன். “ஆ” என்றவனும் அவன்தான்.

நாலு கரு வளர்ந்தது. ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், மூன்றை உறையவைத்தார்கள். எந்தக் குளிரில் என்று கேட்டான். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றார் டாக்டர். அவ்வளவு குளிர் இந்த உலகத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று கேட்டு ஃப்ரீசருக்கு மயிர்க்கூச்செறிந்தது. “அப்ப அன்னைக்கு ஐஸ்ல…” என்று இழுத்தான்.

“உறையவைக்க ஒரு முறை இருக்குங்க” என்றார் டாக்டர். “பழைய கையுறையில சுத்தறது அதுல வராது.”

முதலில் வைத்தது தங்கவில்லை. மனைவி இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கினாள். அக்கா சூப் வைத்து மேலே கொண்டுவந்தாள். அவளே வந்தாள், யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. யாரும் யாரையும் காரணம் சொல்லவில்லை. அதுவே அந்த வீட்டில் புதுசு. சில மாதம் கழித்து இரண்டாவது வைத்தார்கள். அது தங்கியது.

பெண் குழந்தை. மூன்று மாதமானபோது நல்ல தொண்டை இருந்தது அதற்கு. ஒரு நாள் மாலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃப்ரீசரும், காய்கறிப் பையோடு மனைவியும் படியேறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடிக்காரி எதிரே இறங்கி வந்தாள். அவளுக்கும் கல்யாணமாகி நாலு வருடம். கையில் ஸ்கேன் படம் போட்ட பெரிய உறை.

“அழகா இருக்கா” என்று குழந்தையின் காலைத் தொட்டாள். பிறகு மனைவியின் காதருகே குனிந்து, “எந்த டாக்டர் உனக்குச் சரி பண்ணினாங்க?” என்றாள்.

மனைவி வாய் திறப்பதற்குள் ஃப்ரீசர் பதில் சொன்னான். “அவளுக்குச் சரி பண்ண ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான். என் உடம்புல இருக்கற காவலே என் விந்தணுவைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு.”

மூன்றாவது மாடிக்காரி சுவரில் ஏதோ தேடினாள். கீழே கடையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுடா. மூணாவது மாடி வரைக்கும் போகலை.”

போயிருந்தது. மறுநாள் காலையில் ஃப்ரீசர் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடிக்காரியின் கணவர் வந்து நின்றார். தபால் நிலையத்தில் வேலை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

“ஒண்ணுமில்லை, சும்மாதான்” என்றார். “அந்த டெஸ்ட் எங்கே எடுக்கறாங்கன்னு… எனக்கில்லை. ஒரு ஃப்ரெண்டுக்கு.”

“ஏறுங்க சார். அந்தப் பக்கம்தான் போறேன்.”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினார். ஃப்ரீசர் இன்ஜினைக் கிளப்பினான்.

“ஃப்ரெண்டை வழியில எங்கயாவது ஏத்திக்கணுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம்” என்றார் அவர், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு.